கொலைக்களக் காதையில் நடவாத விசாரணை

கண்ணகி கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லாத தமிழ்ப்பள்ளி இந்நாட்டில் இருத்தல் அரிது. கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் கம்போங் மேடான் வட்டாரத்திலும், அவற்றுக்கு அப்பாலுள்ள தோட்டப்புறங்களிலும், சிலம்பேந்திய கையும் எரிகின்ற மதுரையும் இளம்பிள்ளைகளின் நெஞ்சில் நன்கு பதிந்திருக்கின்றன. ஆனால் கோவலன் கொல்லப்பட்டது எதனால் என்று வகுப்பிலே வினவினால், வழக்கமாக வரும் விடைகள் இரண்டே. ஊழ்வினையால் என்பது ஒன்று. பாண்டியன் கொடுங்கோலன் ஆதலால் என்பது மற்றொன்று. இவ்விரண்டு விடைகளுமே நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வருவன. எனினும் நூலைக் காதை காதையாகப் படித்துச் செல்வோர்க்கு இவ்விரண்டும் மனநிறைவு தாரா.

இளங்கோவடிகள் காட்டும் பிழை இவற்றினும் நுட்பமானது. ஒருவன்மேல் குற்றம் சாட்டப்படுதற்கும் அவன் தண்டம் பெறுதற்கும் இடையிலே ஒரு படி இருத்தல் வேண்டும். அந்தப் படியில் நின்று, ‘இவன் குற்றவாளிதானா?’ என்று கூடக் கேட்க வேண்டுவதில்லை. ‘இவன்மேல் வழக்குத் தொடுத்தற்குப் போதிய முகாந்திரம் உண்டா?’ என்று கேட்டாற் போதும். நீதிமன்ற வழக்கில் இதனைப் பூர்வாங்க விசாரணை என்பர். கோவலன் கதையில் விடுபட்டுப்போனது இந்தப் படிதான். இப்படி ஒன்று இருந்திருப்பின் கோவலன் பிழைத்திருப்பான், பாண்டியனும் பிழைத்திருப்பான். இதனைக் கொலைக்களக் காதை, வழக்குரை காதை, கட்டுரை காதை ஆகிய மூன்றையும் ஒருங்கு வைத்து நோக்கினால் தெளியலாம்.

ஆணையும் நிபந்தனையும்

செல்வம் தொலைத்து மனைவியோடு மதுரை சேர்ந்த கோவலன், கண்ணகியின் காற்சிலம்புகளுள் ஒன்றை விற்றுவர நகருள் புகுகிறான். பொற்கொல்லர் பலர் பின்தொடர முன்னே வருகின்ற ஒருவனைக் கண்டு, அவன் கோலத்தால் அரண்மனைப் பொற்கொல்லன் என்று துணிந்து, அரசிக்கு ஏற்ற சிலம்பொன்றை விலைமதிக்க இயலுமோ என்று கேட்கிறான். அந்தப் பொற்கொல்லனோ அரசியின் சிலம்பை முன்னரே கவர்ந்துகொண்டவன். தன் களவு வெளிப்படுமுன் பழியைச் சுமத்துதற்கு ஊரும் பேரும் அறியப்படாத ஓர் அயலான் கிடைத்துவிட்டான். கோவலனைத் தன் குடிலருகே இருக்கச் செய்துவிட்டு அவன் அரண்மனைக்கு விரைகிறான்.

அரசன் அப்போது அவையில் வீற்றிருக்கவில்லை. ஆடல் மகளிரின் கூத்தில் அவன் மனம் ஈடுபட்டது கண்டு ஊடிய கோப்பெருந்தேவி, தலைநோவு என்று சொல்லி உள்ளே சென்றுவிட்டாள். அவள் ஊடலைத் தீர்க்கச் செல்லும் வழியில்தான் பொற்கொல்லன் வந்து காலில் வீழ்கிறான். அரண்மனைச் சிலம்பைத் திருடியவன் தன் குடிலில் அகப்பட்டிருக்கிறான் என்கிறான். அரசன் ஊர்க்காவலரை அழைத்து ஆணையிடுகிறான். கள்வன் கையிலுள்ளது தேவியின் சிலம்பாக இருக்குமானால் அவனைக் கொன்று அதனைக் கொண்டுவர வேண்டும் என்பதே அந்த ஆணையின் கருத்து.

இவ்வாணையிலே ஒரு நிபந்தனை இருத்தலைப் பலர் கவனியாது விடுவர். அரசன் கண்ணை மூடிக்கொண்டு ‘கொல்’ என்று கூறினான் அல்லன். ‘இன்னது இருக்குமானால்’ என்றுதான் கூறினான். ஆகவே அவன் உள்ளத்தில் நீதியுணர்வு அடியோடு இல்லை என்றல் பொருந்தாது. ஆனால் அந்த நிபந்தனையை ஆராய்ந்து முடிவுசெய்வோர் யார் என்பதை அவன் கூறவில்லை. பிழையெல்லாம் இவ்விடத்தேதான் தொடங்குகிறது.

அந்த நிபந்தனைக்குள் மூன்று வினாக்கள் அடங்கியிருக்கின்றன. அவன் கையில் சிலம்பு உண்டா என்பது முதல் வினா. இதற்குக் கண்ணே போதும். அச்சிலம்பு அரசியுடையதுதானா என்பது இரண்டாம் வினா. இதற்குச் சோதனை வேண்டும். அஃது அவன் கைக்கு எவ்வாறு வந்தது என்பது மூன்றாம் வினா. இதற்கு அவன் வாய்மொழியைக் கேட்டல் வேண்டும். காவலர் முதல் வினாவுக்கு மட்டுமே விடைகாண வல்லவர். மற்றை இரண்டுக்கும் விடை சொன்னவன் பொற்கொல்லன். குற்றம் சாட்டியவனும் அவனே, சாட்சியும் அவனே, பொருளை அடையாளம் காட்டும் வல்லுநனும் அவனே, காவலரை அழைத்துச் செல்லும் வழிகாட்டியும் அவனே. ஒருவனிடத்தே இந்நான்கு பொறுப்பும் குவிந்த வழக்கில் நிபந்தனை இருந்தும் இல்லாததே ஆகும்.

களவுபோன பொருளைக் கையில் வைத்திருத்தல் வலிய சான்றன்றோ என்று ஒருவர் கேட்கலாம். சான்றுதான், இன்றைய சட்டமும் அதனை மறுக்கவில்லை. மலேசியாவின் 1950ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 114ஆம் பிரிவு, களவு நிகழ்ந்த சிறிது காலத்துள் களவுப் பொருளை வைத்திருப்பவனைக் கள்வன் என்றோ, களவுப் பொருளென அறிந்தே வாங்கியவன் என்றோ நீதிமன்றம் ஊகித்துக்கொள்ளலாம் என்று எடுத்துக்காட்டுத் தந்து கூறுகிறது. ஆனால் அப்பொருள் தன்னிடம் வந்த வகையை அவன் விளக்கிக் காட்டாவிடத்து என்ற வரம்பும் அதனோடு சேர்ந்தே இருக்கிறது. கோவலனை விளக்கம் கேட்டார் யார்? காவலர் வந்தபின் கோவலன் பேசியதாக ஒரு சொல்லேனும் காதையில் இல்லை. ‘இதன் இணைச்சிலம்பு எங்கே?’ என்று ஒருவர் கேட்டிருந்தால் போதும். விடை அண்மையிலே, ஆயர் சேரியில், மாதரியின் பாதுகாப்பில் இருந்தது.

காவலர் கொண்ட ஐயம்

அடிகளின் கலைத்திறம் காவலரைப் படைத்த வகையில் நன்கு விளங்கும். அவர்களை அறிவற்ற கொலைஞராக அவர் படைக்கவில்லை. கோவலனைக் கண்டதும் அவர்கள் தயங்குகின்றனர். இவன் தோற்றம் கள்வன் தோற்றமன்று, கொல்லத்தக்கவன் அல்லன் என்று வாய்விட்டே சொல்கின்றனர். அவ்விடத்தே உண்மை வெளிப்பட்டுவிட்டது. ஆனால் அவ்வையத்தை எடுத்துச்சென்று முறையிடுதற்கு ஓர் இடம் இல்லை.

பொற்கொல்லன் நகைத்து விடை கூறுகிறான். கள்வர்க்குத் துணையாவன எட்டு என்று களவு நூல் கூறுவதாகத் தொடங்கி, மந்திரமும் மருந்தும் தெய்வமும் பிறவும் அவர்க்கு உதவும் வகையை விரிக்கிறான். அரசகுமாரனின் ஆரத்தைக் கவர்ந்த ஒரு கள்வன் கதையையும் சொல்கிறான். இவ்வளவு பேச்சிலும் கோவலனைப் பற்றிய செய்தி ஒன்றேனும் உண்டா? இல்லை. கள்வர் பொல்லாதவர் என்பது அவன் நிறுவியது. இவன் கள்வன் என்பது அவன் நிறுவாதது. பொதுவில் மெய்யான ஒன்றைக் கூறி, குறிப்பிட்ட ஒருவன்மேல் அதனை ஏற்றிவிடுதல் பொய்வழக்குத் தொடுப்போர் எக்காலத்தும் கையாளும் வழியாகும். கள்வன் கள்வனைப் போலத் தோன்றமாட்டான் என்று அவன் வாதிக்கும்போது, குற்றமற்ற தோற்றமே குற்றத்துக்குச் சான்றாகிவிடுகிறது. இத்தகைய வாதத்திலிருந்து எவர்தாம் தப்ப இயலும்?

இளங்காவலன் ஒருவன் தன் அனுபவத்தைக் கூறுகிறான். மழையிருளில் ஒரு கள்வன் தன் வாளையே பறித்துக்கொண்டு மறைந்தான் என்றும், இவனைத் தப்பவிட்டால் அரசன் தங்களைத் தண்டிப்பான் என்றும் அஞ்சுகிறான். ஐயம் அச்சமாக மாறுகிறது. அவர்கள் ஆராய்ந்துகொண்டிருக்கும்போதே, கல்வியறிவில்லாத களிமகன் ஒருவன் வாளை வீசிவிடுகிறான். யாரும் தீர்ப்புக் கூறவில்லை, தீர்ப்பு நிறைவேறிவிட்டது. தயங்கியவர் பலர், துணிந்தவன் ஒருவன். தயங்குவோர்க்கு ஒரு முறைமை துணை நில்லாதபோது துணிந்த மூடன் கையில் முடிவு போய்ச்சேரும் என்பதனை இக்காட்சி போல் எடுத்துக்காட்டும் காட்சி தமிழில் அரிது.

காலங்கடந்த விசாரணை

பாண்டியனுக்கு விசாரிக்கத் தெரியாது என்று கூறலாமோ எனின், கூறல் இயலாது. வழக்குரை காதையே அதற்குச் சான்று. வாயிலோன் வந்து அறிவிக்கிறான்; அரசன் கண்ணகியை உள்ளே வரவிடுகிறான்; யார் என வினவுகிறான். அவள் தன் ஊரையும் பெயரையும் கணவனையும் கூறி முறையிடுகிறாள். கள்வனைக் கொன்றது முறையே என்று அரசன் தன் தரப்பை எடுத்துரைக்கிறான். தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள் அவள். தன் தேவியின் சிலம்பின் பரல் முத்து என்கிறான் அவன். சிலம்பு கொணரப்படுகிறது, உடைக்கப்படுகிறது, மாணிக்கம் தெறிக்கிறது.

முறையீடு, எதிருரை, சான்றுப்பொருள், சோதனை ஆகிய யாவும் இங்கே ஒழுங்காக அமைந்திருக்கின்றன. மேலும் ஒன்று கருதத்தக்கது. இங்கே குற்றம் சாட்டப்பட்டவன் அரசனே. தன்மேல் வந்த குற்றச்சாட்டை அவன் அடக்கிவிடவில்லை. குற்றம் சாட்டியவளைப் பிடிக்கச் சொல்லவுமில்லை. கோவலனுக்கு மறுத்த விசாரணையைக் கோவலன் மனைவிக்குத் தயங்காது அளித்தான். அதற்குச் சென்ற காலமும் மிகச் சிறிதே. உயிர் போனபின் நடத்திய விசாரணையை உயிர் போகுமுன் நடத்தத் தடையாக இருந்தது யாதொன்றுமில்லை. இதனை அறிந்ததனாலேயே அரசன் உயிர் தாங்காது வீழ்ந்தான். கொடியவன் இவ்வாறு வீழான். நல்லவன் ஒருவன் ஒரு படியைத் தாண்டிவிட்டமையே இங்குள்ள அவலம்.

கண்ணகி அரசனை விளிக்கும்போது கொடியவன் என்றோ, இரக்கமற்றவன் என்றோ தொடங்கவில்லை. ‘தேர்தல்’ என்னும் வினையின் எதிர்மறையையே அவனுக்கு அடையாக்கி, ஆராயாத அரசன் என்றே அழைக்கிறாள். கொலைக்களக் காதையில் ஆணை பிறக்கும் இடத்தில் அடிகளும் அச்சொல்லையே ஆள்கின்றார். திருவள்ளுவர் செங்கோன்மை அதிகாரத்தின் முதற் குறளில் முறைமைக்கு இலக்கணம் கூறும்போதும், ஆராய்தலும் தேர்தலுமே முதன்மை பெறுகின்றன. ஆகவே ஆராயாமையே குற்றம் என்னும் இக்கொள்கை இக்காலச் சட்டத்திலிருந்து கடன் வாங்கி நூலின்மேல் ஏற்றப்படுவதன்று. நூலின் சொல்லிலேயே இருப்பதாகும்.

ஊழ் என்னும் விடை

அரசன் சொல்ல எண்ணியது ஒன்று, ஊழால் அவன் வாயில் வந்தது வேறு என்று விளக்குவாரும் உண்டு. ‘கொல்ல’ என்று வரவேண்டிய இடத்தில் ‘கொன்று’ என்று வந்துவிட்டது என்பது அவர் கருத்து. இவ்விளக்கத்தை வெறும் சொல்நயம் என்று தள்ளிவிடுதல் கூடாது. கொல்லுதற்காகக் கொண்டுவருதலுக்கும் கொன்றுவிட்டு வருதலுக்கும் இடையே, பிடிபட்டவன் அரசன் முன் நிறுத்தப்படும் ஒரு நிலை இருக்கிறது. அந்நிலையில் அரசன் அவன் முகத்தைக் காண்பான். அவன் வாய்ச்சொல் கேட்கப்படவும் இடம் உண்டாகும். ஊழை முன்வைத்து விளக்குவோரும் தம்மை அறியாமலே, விடுபட்டது இந்த ஒரு படிதான் என்று ஒப்புக்கொள்கின்றனர்.

அவ்வூழ்தான் யாது? கட்டுரை காதையிலே மதுராபதித் தெய்வம் அதனைக் கண்ணகிக்கு விரித்துரைக்கிறது. கலிங்க நாட்டில் சிங்கபுரமும் கபிலபுரமும் பகைகொண்டிருந்த காலத்து, சிங்கபுரத்தில் அணிகலன் விற்றுக்கொண்டிருந்த சங்கமன் என்னும் வணிகனைப் பகைவர் ஒற்றன் என்று சொல்லிப் பரதன் என்பவன் அரசனிடம் காட்டிக்கொடுத்துக் கொல்வித்தான். அப்பரதனே மறுபிறப்பில் கோவலன் ஆயினான். சங்கமன் மனைவி நீலியின் சாபம் கோவலனைத் தொடர்ந்தது.

இக்கதையைக் கூர்ந்து நோக்குக. அயலூரில் அணிகலன் விற்க வந்தவன், பொய்க் குற்றச்சாட்டு, ஆராயாத அரசன், கொலை, கதறும் மனைவி. கோவலன் கதை அப்படியே முன்னொருமுறை நடந்திருக்கிறது. எனவே ‘ஊழால் நேர்ந்தது’ என்று விடை கூறுவோர் வினாவைத் தீர்க்கவில்லை. ஒரு பிறவி பின்னே தள்ளிவைக்கின்றனர். விசாரணையின்றி நிகழ்ந்த ஒரு கொலை, விசாரணையின்றி நிகழும் மற்றொரு கொலையைப் பெற்றெடுத்தது என்பதே அடிகள் காட்டும் ஊழ்.

அதே காதையில் இதற்கு மாறான வழக்கொன்றும் வைக்கப்பட்டிருக்கிறது. பாண்டிய நாட்டுத் திருத்தங்காலில் வார்த்திகன் என்னும் அந்தணனின் மகன் பரிசிலாகப் பெற்ற அணிகளை அணிந்திருக்கக் கண்டு, பொறாமை கொண்டோர் வார்த்திகன்மேல் பழி சுமத்தி அவனைச் சிறைப்படுத்தினர். அவன் மனைவி கார்த்திகை அழுது புலம்பினாள். கொற்றவை கோயிற் கதவு திறவாது நின்றது. அரசன் காரணம் வினவி, பிழையுணர்ந்து, வார்த்திகனை விடுவித்து, திருத்தங்காலையும் வயலூரையும் அவனுக்கு அளித்துப் பொறுத்தருள வேண்டினான்.

இங்கும் பொய்க் குற்றச்சாட்டுத்தான், இங்கும் அணிகலன்தான், இங்கும் புலம்பும் மனைவிதான். வேறுபாடு யாது? வார்த்திகன் சிறையில் இருந்தான்; கோவலன் மண்ணில் கிடந்தான். உயிரோடிருப்பவன் வழக்கில் காலந்தாழ்ந்த விசாரணையும் பயன் தரும். சென்னையில் 1944ஆம் ஆண்டு நவம்பரில் நிகழ்ந்த இலட்சுமிகாந்தன் கொலை வழக்கைத் தமிழர் மறந்திரார். எம். கே. தியாகராஜ பாகவதரும் என். எஸ். கிருஷ்ணனும் 1945இல் ஆயுள்தண்டனை பெற்றனர். மேல்முறையீடு பிரிவி கவுன்சில் வரை சென்று, 1947 ஏப்ரலில் உயர்நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டனர். அவ்வழக்கு மாஜிஸ்திரேட்டு முன் தொடங்கிப் படிப்படியாகவே சென்றது. எனினும் ஏறத்தாழ 30 மாதங்கள் இருவர் வாழ்விலிருந்து போயின. படிகள் இருந்தும் தவறு நேரும் என்பதனை அது காட்டுகிறது. படிகள் இருந்தமையால் அதனைத் திருத்த இயன்றது என்பதனையும் அதுவே காட்டுகிறது.

இன்றைய சட்டத்தில் இந்தப் படி

மலாயாவில் ஆங்கிலேயர் ஆட்சி தொட்டு, உயர்நீதிமன்றம் விசாரிக்கத்தக்க கொலை முதலிய பெருங்குற்ற வழக்குகள் மாஜிஸ்திரேட்டு முன் பூர்வாங்க விசாரணையோடு தொடங்கின. அரசுத் தரப்புச் சாட்சிகளின் வாக்குமூலம் அங்கே எழுதப்படும். முகாந்திரம் உண்டெனக் கண்டால் மாஜிஸ்திரேட்டு வழக்கை மேலே அனுப்புவார். இல்லையெனில் குற்றம் சாட்டப்பட்டவரை விடுவிப்பார். 1975ஆம் ஆண்டுப் பாதுகாப்பு வழக்கு விதிகள், பாதுகாப்புக் குற்ற வழக்குகளில் இவ்விசாரணையை நீக்கின. 1995ஆம் ஆண்டில் குற்றவியல் நடைமுறைச் சட்டம் திருத்தப்பட்டபோது, ஜூரி முறையோடு பூர்வாங்க விசாரணையும் எல்லா வழக்குகளிலும் நீங்கிற்று.

நீக்கியதற்குக் காரணம் இல்லாமலில்லை. ஒரே சாட்சி ஒரே செய்தியை இரண்டு மன்றங்களில் சொல்லவேண்டியிருந்தது, வழக்குகள் நீண்டன, இடையிலே சாட்சிகள் அச்சுறுத்தப்படவும் வாய்ப்பிருந்தது. இங்கிலாந்தும் இத்தகைய விசாரணையைப் படிப்படியாகக் குறைத்து 2013இல் முற்றும் நீக்கிவிட்டது. அமெரிக்காவிலோ இப்படி இன்றும் நிற்கிறது. வாரண்டின்றிக் கைதானவர்மேல் முகாந்திரம் உண்டா என்பதைப் பொதுவாக 48 மணி நேரத்துள் நீதிபதி ஒருவர் பார்த்தல் வேண்டும் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1991இல் வரையறுத்தது.

மலேசியாவில் இப்போது அந்தப் பணி வெவ்வேறு இடங்களில் பகிர்ந்து கிடக்கிறது. கைதானவரை 24 மணி நேரத்துள் மாஜிஸ்திரேட்டு முன் நிறுத்தவேண்டும் என்பது கூட்டரசு அரசியலமைப்பின் 5ஆம் விதி. அதன்மேல் காவலில் வைக்க, குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 117ஆம் பிரிவின்படி அவர் அனுமதி வேண்டும். 14 ஆண்டுக்குக் குறைந்த சிறைக்குரிய குற்றமாயின் முதலில் 4 நாளும் பின்னர் 3 நாளும், அதற்கு மேற்பட்டதாயின் முதலில் 7 நாளும் பின்னர் 7 நாளுமே எல்லை. வழக்கு நடக்கும்போது, அரசுத் தரப்பு தன் சாட்சியத்தை முடித்தபின், குற்றம் சாட்டப்பட்டவர் எதிர்வாதம் செய்யுமளவு வழக்கு நிறுவப்பட்டதா என்று நீதிபதி முடிவுசெய்வார்.

ஆகவே 117ஆம் பிரிவின் கீழ் மாஜிஸ்திரேட்டு கையெழுத்திடும் அந்தச் சில நிமிடங்கள் எளியனவல்ல. பாண்டியன் அந்தப்புர வழியில் நின்று கேட்டது போலக் கேட்பதா, வழக்குரை காதையில் அரியணையில் அமர்ந்து கேட்டது போலக் கேட்பதா என்பது அந்நிமிடங்களில்தான் தீர்மானமாகிறது. அந்நிமிடங்களும் இல்லாத சட்டங்கள் உண்டு. 2012ஆம் ஆண்டுச் சொஸ்மா சட்டத்தின்படி, முதல் 24 மணி நேரத்துக்குப்பின் 28 நாள் வரை காவலை நீட்டிக்கும் அதிகாரம் உயர்நிலைப் போலீஸ் அதிகாரிக்கே உரியது. மாஜிஸ்திரேட்டு அனுமதி அங்கே வேண்டப்படுவதில்லை. பிடிப்பவரும் ஐயத்தை மதிப்பிடுவோரும் ஒரே தரப்பினராக இருத்தல் தகுமா என்ற வினாவைக் கொலைக்களக் காதை படித்தவர் எழுப்பாமல் இருத்தல் இயலாது.

ஆயிரம் பொற்கொல்லர்

இவ்வளவில் நூல் முடிந்திருப்பின், பாண்டியன் வீழ்ச்சியால் உலகம் பாடம் கற்றது என்று கொள்ளலாம். ஆனால் அடிகள் அவ்வாறு முடிக்கவில்லை. பாண்டியனுக்குப்பின் கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன், பத்தினியின் சினந்தணிக்கப் பொற்கொல்லர் ஆயிரவரைப் பலியிட்டான் என்ற செய்தி உரைபெறு கட்டுரையிலும் நீர்ப்படைக் காதையிலும் வருகிறது. இதனை வகுப்பில் விரைந்து கடந்துவிடுதல் வழக்கம். கடந்துவிடத்தக்க செய்தியன்று இது.

பொய் கூறியவன் ஒரு பொற்கொல்லன். மாண்டவர் ஆயிரவர். அவர்மேல் சாட்டப்பட்ட குற்றம் யாது? அதே தொழிலைச் செய்தமையன்றி வேறொன்றும் நூலிற் காணோம். ஒருவனை ஆராயாது கொன்றதற்குக் கழுவாயாக ஆயிரவரை ஆராயாது கொன்றனர். மழை பெய்து நாடு செழித்தது என்றும் நூல் கூறுகிறது. ஆனால் அவ்வாயிரவரின் மனைவியர் எந்த அவைக்குச் சென்று எந்தச் சிலம்பை உடைத்தனர் என்பதைக் கூறவில்லை. ‘இவன் செய்தானா?’ என்ற வினா கைவிடப்பட்டால், ‘இவன் எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன்?’ என்பது அதன் இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

இது பழங்கதையோடு போய்விடவில்லை. 2001ஆம் ஆண்டு மார்ச்சு மாதத் தொடக்கத்தில், பெட்டாலிங் ஜெயாவின் கம்போங் மேடானில், ஒரு வீட்டின் சாவும் மற்றொரு வீட்டின் திருமணமும் அடுத்தடுத்து நிகழ்ந்தபோது எழுந்த சச்சரவு, வதந்திகளால் வளர்ந்து, 8ஆம் நாள் பெரும் வன்முறையாக வெடித்தது. 6 பேர் மாண்டனர். அவருள் 5 பேர் இந்திய வம்சாவளியினர், ஒருவர் இந்தோனேசியர். பலர் காயமுற்றனர். முதற் சச்சரவோடு எத்தொடர்பும் இல்லாத வழிப்போக்கரும் தாக்குண்டனர். அவர்களை அடித்தவர் பெயர் கேட்கவில்லை. செய்தது யாது என்று கேட்கவில்லை. முகமே சான்றாயிற்று.

அங்கே வதந்தி பொற்கொல்லனாக நின்றது. ‘அவர்கள் இத்தகையவர்’ என்று பொதுவில் ஒன்றைச் சொல்லித் தனியொருவன்மேல் ஏற்றிவிட்டது. தயங்கிய நல்லோர் எல்லா இனத்திலும் இருந்திருப்பர். கொலைக்களக் காவலர் போலவே அவர்களுக்கும் தம் ஐயத்தை எடுத்துச்சென்று வைக்க இடமில்லாது போயிற்று. பின்னர்ப் பாதிக்கப்பட்டோர் பொது விசாரணை ஒன்று வேண்டுமென்று மனித உரிமை ஆணையத்தையும் நீதிமன்றத்தையும் நாடினர். அவர்கள் வேண்டிய பொது விசாரணை நடைபெறவில்லை. கண்ணகிக்குக் காலங்கடந்தேனும் ஓர் அவை கிடைத்தது. உடைத்துக் காட்ட ஒரு சிலம்பும் இருந்தது.

ஆசிரியர் கடன்

சிலப்பதிகாரத்தைக் கற்பிக்கும் ஆசிரியர் எந்த விடையைத் தருகிறார் என்பது இதனால் பெரிய செய்தியாகிறது. ஊழ் என்று மட்டும் கற்பித்தால், அநீதி நேரும்போது விசாரணை கேட்க வேண்டும் என்னும் எண்ணமே பிள்ளைக்குப் பிறவாது. வந்தது வந்தது என்று இருந்துவிடும். கொடுங்கோலன் என்று மட்டும் கற்பித்தால், கொடியவரே அநீதி செய்வர், நல்லவராகிய நாம் செய்யோம் என்ற மயக்கம் வளரும். பாண்டியன் நல்லவன், காவலர் நல்லவர், வெற்றிவேற் செழியனும் தன் நாட்டு நலங்கருதியே அந்த வேள்வியைச் செய்தான். நல்லோர் கையால் நிகழ்ந்த கொலைகளே இந்நூலில் மிகுதி என்பதைப் பிள்ளைகள் உணரல் வேண்டும்.

அதற்குப் பெரிய சட்டநூல் வேண்டுவதில்லை. பள்ளியிலே ஒரு பேனா காணாமற்போகிறது. ஒரு பிள்ளையை மற்றொரு பிள்ளை சுட்டிக்காட்டுகிறது. சுட்டிக்காட்டிய பிள்ளைக்கு அதில் தொடர்பு யாது, பேனாவுக்கு அடையாளம் யாது, சுட்டப்பட்ட பிள்ளை சொல்வது யாது என்ற மூன்றையும் கேட்டபின் பிரம்பைத் தேடும் ஆசிரியர், கொலைக்களக் காதையை நடத்திக் காட்டியவர் ஆவார். கேளாமல் பிரம்பை எடுப்பவர் அக்காதையை எத்துணை இனிமையாகப் பாடம் சொன்னாலும், பிள்ளைகள் அவரிடம் கற்பது வேறொன்றாகவே இருக்கும்.

மூன்று வினாக்களுக்கு விடைகாணச் செல்லும் காலம் ஒரு சிலம்பை உடைக்கும் காலமே. அதனைச் செலவிட மறுத்ததனால் மதுரை ஓர் அரசனையும் ஓர் அரசியையும் ஒரு வணிகனையும் இழந்தது; கொற்கை ஆயிரம் குடும்பங்களின் தலைவர்களை இழந்தது. கோவலன் கொல்லப்பட்டது எதனால் என்று இனி வகுப்பிலே கேட்கும்போது, அவனை ஒருவரும் ஒன்றும் கேளாததனால் என்று ஒரு பிள்ளையேனும் விடை கூறுமாயின், இளங்கோவடிகளின் நூல் அப்பள்ளியில் கற்பிக்கப்பட்டது என்று கொள்ளலாம்.